மாமியாரை வாசலில் கட்டிப்பிடித்த கதை

எங்கள் பக்கத்தில் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டுமென்றால் அதற்கு வலுவான காரணம் வேண்டும். அன்பு போதாது. அன்புக்கு எங்களிடம் வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன. "சாப்ட்டியா?" என்று கேட்போம். சாப்பிட்டேன் என்றாலும் இன்னொரு தோசை போடுவோம். அன்பு ரொம்பவே பொங்கிவிட்டால் "என்னடி இப்புடி எளச்சுப் போயிட்ட" என்று திட்டுவோம். மற்றபடி உடம்போடு உடம்பு படுவதெல்லாம் திருமயம் போகும் காலை பஸ்ஸில்தான், அதுவும் யாருடைய சம்மதமும் இல்லாமல்.

சொல்லுக்குப் பஞ்சமில்லை. தழுவுதல், அணைத்தல், ஆரத்தழுவுதல், ஆலிங்கனம் என்று பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா கரும்பலகையில் வரிசையாக எழுதிப் போட்டார். (எழுதிப் போட்டவர் எங்கள் பக்கம் திரும்பாமலேயே பாடத்தை முடித்தார்.) ஆனால் அகராதியில் இருப்பது வேறு, புழக்கத்தில் இருப்பது வேறு. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஆண்பிள்ளை ஊரே பார்க்கத் தழுவலாம், கைதட்டலும் விழும், குக்கரும் பரிசாகக் கிடைக்கும் என்றால் அது வாடிவாசலில் வருகிற காளையின் திமிலைத்தான். அதே வீரர் வீட்டுக்கு வந்து பெண்டாட்டி நீட்டும் தண்ணீர்ச் செம்பை விரல் படாமல் வாங்குவார். பலாப்பழத்தைக் கட்டிப்பிடித்துத்தான் தூக்குவோம், வேறு வழியில்லை. இவை போக, எங்கள் ஊரில் கட்டிப்பிடித்தல் என்ற சொல்லுக்கு மிச்சமிருக்கிற ஒரே இடம் துக்க வீடு.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டில் சாவு விழுந்துவிட்டால், கேதத்துக்கு வருகிற பெண்களை அந்த வீட்டுப் பெண்கள் தலையை விரித்துப்போட்டபடி ஓடிவந்து வாசலிலேயே கட்டிக்கொள்வார்கள். ஒருவர் தோளில் ஒருவர் தலை. அப்படியே ஆரம்பிக்கும் அழுகை. யார் செத்தது, எப்படிச் செத்தது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அழுகிறவளிடம் கேட்பது மரியாதையும் இல்லை. அழுகைக்குள்ளேயே பேர் வரும், நோய் வரும், கடைசியாகக் குடித்த கஞ்சி வரும், பொறுமையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பிடியைத் தாமாக யாரும் விடுவதும் இல்லை. மூன்றாவது மனுஷி ஒருத்தி வந்து, "போதும் ஆத்தா, தேத்திக்க" என்று பிரித்துவிட்டால்தான் உண்டு.

இவ்வளவும் தெரிந்த ஊரில் பிறந்து வளர்ந்த நான், எனக்குப் பூ வைக்க வந்த மாமியாரை வாசலில் வைத்துக் கட்டிப்பிடித்தேன்.

குற்றம் பெங்களூரின் மேல்தான். அங்கே வேலைக்குப் போனபோது என்னோடு அறையில் தங்கியிருந்தவள் ஒரு பஞ்சாபிப் பெண். காலையில் எழுந்தால் கட்டிப்பிடிப்பாள். ஆபீஸ் கிளம்பினால் கட்டிப்பிடிப்பாள். கீழே போய்ப் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாலும், ஏதோ எல்லையிலிருந்து லீவில் வந்தவள் மாதிரி கட்டிப்பிடிப்பாள். முதல் நாள் நான் கையில் வாளியோடு நின்றேன். வாளியைக் கீழே வைப்பதா, வைத்தால் கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மெல்ல மெல்லப் பழகியது. லேசாக அணைக்க வேண்டும், முதுகில் இரண்டு தட்டு, உடனே விட்டுவிட வேண்டும். இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது. பழகிய பிறகோ, இது தெரியாத என் ஜனங்களை நினைத்துப் பரிதாபப்பட ஆரம்பித்தேன். புதிதாகக் கார் ஓட்டக் கற்றவர்கள் நடந்து போகிறவர்களைப் பார்ப்பார்களே, அப்படி.

பொங்கல் லீவில் வீட்டில் பிரச்சாரத்தைத் தொடங்கினேன். அம்மாவைக் கட்டிப்பிடித்ததும் அம்மா என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "காய்ச்சலெல்லாம் இல்லியே, வேலைய விட்டுட்டியா?" என்றார். அப்பாவைக் கட்டிப்பிடித்தபோது, ரேஷன் கடையில் கைரேகை மெஷினில் விரல் வைத்த மாதிரி அசையாமல் நின்றார். முடிந்ததும், "ஆச்சா?" என்று கேட்டுவிட்டுச் சட்டையை நீவிக்கொண்டு போய்விட்டார்.

இந்தச் சமயத்தில்தான் பொன்னமராவதி சம்பந்தம் வந்தது. அதற்கு முன்னால் வந்தவையெல்லாம் ஒன்று ஜாதகத்தில் நின்றது, ஒன்று உயரத்தில் நின்றது, ஒன்று "பெங்களூரா?" என்ற ஒற்றைக் கேள்வியில் நின்றது. அம்மா நம்பிக்கை இழந்து என் கல்யாணத்துக்காக வாங்கி வைத்திருந்த பித்தளை அண்டாவில் அரிசி கொட்டி வைக்க ஆரம்பித்திருந்தார். மாப்பிள்ளை சரவணனுக்குத் திருச்சியில் வேலை. போனில் பேசச் சொன்னார்கள், பேசினோம். அதற்கு முன் வந்த மாப்பிள்ளைகள் எல்லாம் தங்களைப் பற்றியே சொன்னார்கள். இவர், "நீங்க சொல்லுங்க, நான் கேக்குறேன்" என்றார், சொன்னபடியே கேட்டார். எனக்குச் சரவணனைப் பிடித்துவிட்டது. (இதை எழுதும்போது அவர் என் முதுகுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருப்பதால் கூட்டியும் சொல்ல முடியவில்லை, குறைத்தும் சொல்ல முடியவில்லை.)

சிக்கல் அவருடைய அம்மாவிடம் இருந்தது. அப்பா இல்லாத வீடு, அம்மா சொல்வதுதான் முடிவு. "அம்மாவுக்கு ஒன்னயப் பத்தி ஒரே ஒரு யோசனைதான்" என்றார் சரவணன். "பெங்களூருல இருந்த புள்ள, நம்ம வீட்டு மனுஷங்களோட ஒட்டுமாடான்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. பூ வைக்க வர்ற அன்னைக்கு நீ கொஞ்சம் நல்லாப் பேசிரு. அது போதும்."

நல்லாப் பேசுவதா? நான் அதைவிடப் பெரிய திட்டம் வைத்திருந்தேன். ஒட்டுமா என்று கேட்கிற மனுஷிக்கு வாயால் பதில் சொன்னால் எப்படி? ஒட்டியே காட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். பூ வைத்து முடித்ததும், எல்லாரும் பார்க்க, "அத்தை" என்று சொல்லி மெல்ல ஓர் அணைப்பு, முதுகில் இரண்டு தட்டு. அந்தம்மா உருகிப்போவார், வேன் நிறைய வந்த உறவு முழுக்க, "அடடா, எப்பேர்ப்பட்ட பிள்ளை" என்று பேசிக்கொண்டே திரும்பும். கண்ணாடி முன்னால் தலையணையை வைத்து ஒத்திகைகூடப் பார்த்தேன்.

அன்றைக்கு எல்லாம் ஒரு மணி நேரம் முந்தி நடந்தது. ராகு காலத்துக்குள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று சரவணனின் தாய்மாமன் வேனை விரட்டிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் வீட்டில் ஒன்றும் தயாராக இல்லை. அம்மா அடுப்படியில் கேசரி கிண்டிக்கொண்டிருந்தார். அப்பா வாழை இலை வாங்க மொபெட்டில் திருமயம் போயிருந்தார். நான் தலைக்குக் குளித்துவிட்டு ஈர முடியை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். சித்தி மகள் ராதிகா எனக்குக் கண்ணுக்கு மை போட்டுக்கொண்டிருந்தாள். ஆன்லைனில் வாங்கிய மை, பச்சை மிளகாயில் செய்திருப்பார்கள் போலிருக்கிறது. கண்ணில் தண்ணீர் கொட்டி, கருப்பாகக் கன்னம் வரை இறங்கிவிட்டது. "ஆடாம இரு அக்கா, தொடச்சு விடுறேன்" என்று அவள் துணி தேடப் போன நேரத்தில்தான் வாசலில் வேன் நின்றது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தாம்பாளங்களை மற்றவர்கள் எடுத்துக்கொண்டிருக்க, மாமியார் முதல் ஆளாக இறங்கி, தனியாக வாசலில் நின்றார். சேலை மடிப்பைச் சரி செய்தார், எங்கள் வீட்டை அண்ணாந்து பார்த்தார், பிறகு மறுபடி அதே மடிப்பைச் சரி செய்தார். பரீட்சை ஹாலுக்கு வெளியே நிற்கிற பிள்ளை முகம். வரவேற்க வாசலில் ஓர் ஆள் இல்லை. ஐயோ பாவம், இவர் நம்மைப் பார்த்தல்லவா பயப்படுகிறார் என்று எனக்குத் தோன்றியது. கூப்பிட்டால்தான் பெண் வெளியே வர வேண்டும் என்ற முறை, பூ வைத்த பிறகு என்ற என் திட்டம், ஈரத் தலை, கருப்புக் கண்ணீர் எல்லாம் மறந்துபோயிற்று. எழுந்து ஓடினேன்.

இப்போது மாமியாரின் இடத்திலிருந்து கொஞ்சம் பாருங்கள். பெண் வீட்டு வாசலில் வந்து இறங்கியிருக்கிறார். வாங்க என்று சொல்ல ஆளில்லை. உள்ளேயிருந்து ஒரு பெண் தலைவிரி கோலமாக, கண்ணீர் தாரை தாரையாக, காலில் செருப்பில்லாமல், "அத்தை!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். அந்தம்மா வேறு என்னதான் நினைப்பார்?

முதலில் விறைத்து நின்றார். நான் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினேன். விட்டுவிட்டுப் பின்னால் நகரப் பார்த்தேன். முடியவில்லை. அவருடைய இரண்டு கையும் என் முதுகில் வந்து பூட்டிக்கொண்டன, தலை என் தோளில் சாய்ந்தது. எத்தனையோ வருஷமாக எத்தனையோ வாசல்களில் பழகிய உடம்பு அது, அவரைக் கேட்காமலேயே வேலையைத் தொடங்கிவிட்டது. என் காதுக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது.

"ஆத்தாடீ... நான் என்னன்னு சொல்லுவேன்... பூவோட வந்தேனே, பழத்தோட வந்தேனே... வாசப்படி மிதிக்கு முன்ன வாரி அடிச்சிருச்சே..."

எடுத்த எடுப்பிலேயே எட்டுக்கட்டையில் எழுந்தது குரல். நல்ல குரல், இன்றைக்கும் சொல்கிறேன். வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த பெண்கள் தாம்பாளங்களை அப்படியே சீட்டில் வைத்துவிட்டுக் கொண்டையை அவிழ்த்தபடி ஓடிவந்தார்கள். சுற்றி வட்டம் போட்டு ஆளுக்கொரு தோளைப் பிடித்துக்கொண்டார்கள். நான் நடுவில்.

"ஒண்ணுமில்ல அத்தை, ஒண்ணுமில்ல" என்று பட்டுச் சேலைக்குள்ளிருந்து கத்தினேன். துக்க வீட்டில் ஒண்ணுமில்லை என்று கத்துகிற பெண்ணை யார் நம்புவார்கள்? "அய்யோ, புள்ளைக்குப் புத்தி தடுமாறுதே" என்று ஒரு குரல் சேர்ந்து அழுதது.

எங்கள் எதிர்வீட்டில் காளியம்மா என்று ஒருத்தர். அப்பாவுக்குத் தங்கச்சி முறை. தெருவில் எந்தக் கேதமானாலும் முதல் ஆள் அவர்தான், அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. தன் வீட்டுக்கு நேர் எதிரே, தனக்குத் தெரியாமல், வெளியூர்க்காரர்கள் வந்து முதலில் அழுதால் அவர் மனசு என்ன பாடுபடும்? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார், வட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே நுழைந்தார். யார் செத்தது என்று பேர் வருவதற்காக ஒரு சுற்று பொறுமையாகக் கேட்டார். பேர் வரவில்லை. வராதே, யாருக்கும் தெரியாதே! மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வாயிலிருந்து பேர் வருமென்று அழுதார்கள். காளியம்மா அவர்கள் வாயிலிருந்து வருமென்று பார்த்தார். கடைசியில் அவரே ஒரு கணக்குப் போட்டார். மகள் தலைவிரி கோலமாக அழுகிறாள், அப்பனைக் காணோம். போன மாசம்தான் நெஞ்சில் வாயு என்று ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த மனுஷன்.

"ஏ அண்ணே... எலை வாங்கப் போறேன்னு எங்கிட்டதான சொல்லிட்டுப் போன... எலை வாங்கப் போன மகராசா, எங்களை விட்டு எங்கிட்டுப் போன..."

இந்த இடம் வரைக்கும்தான் எனக்கு இது வேடிக்கை.

அடுப்படியில் இருந்த அம்மாவின் காதில் "அண்ணே" என்ற சொல் விழுந்திருக்கிறது. காளியம்மா அண்ணே என்று அழுதால் எங்கள் தெருவில் அது ஒரே ஒரு ஆள்தான். கையில் கேசரிக் கரண்டியோடு வாசலுக்கு வந்தார். அழவில்லை, கத்தவில்லை. கூட்டத்தைப் பார்த்தார், படியில் உட்கார்ந்தார். காளியம்மாவிடம் ரொம்ப மெதுவாக, "எங்க வச்சிருக்காங்க?" என்று கேட்டார்.

அம்மா அப்படிக் கேட்டதும் நானும் நம்பிவிட்டேன். காளியம்மாவுக்கு ஏதோ தகவல் வந்திருக்கிறது, நெடுஞ்சாலையில் லாரி ஏதாவது, அல்லது அந்த நெஞ்சு வாயு என்று நினைத்துக்கொண்டேன். வேனில் வந்திருந்த சரவணன் பின்னால் நின்று அப்பாவின் நம்பருக்குப் போன் போட்டார், மணி எங்கள் வீட்டுக்குள்ளேயே அடித்தது. அப்பா சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அடிக்க அடிக்க எடுக்க ஆளில்லாத அந்தச் சத்தம் என்னைக் கொன்றது. காலையில் அப்பா சேலை எடுத்துக் கொடுத்தபோது, "பச்சை வேணாம்னு சொன்னேன்ல, காதுலயே வாங்க மாட்டீங்களா?" என்று கத்தி அனுப்பியிருந்தேன். மாமியாரின் தோளில் முகத்தை வைத்து நிஜமாகவே அழுதேன். என் அழுகையைப் பார்த்துக் காளியம்மாவுக்குத் தன் கணக்கு சரி என்று உறுதியாயிற்று. காளியம்மா அழுததால் நான் அழுதேன், மாமியார் அழுததால் காளியம்மா அழுதார், நான் கட்டிப்பிடித்ததால் மாமியார் அழுதார். யார் யாரை ஏமாற்றினார்கள் என்று இதில் எந்தப் பஞ்சாயத்தும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

மொபெட் சத்தம் கேட்டது.

அப்பா தெருமுனையில் திரும்பும்போதே பார்த்துவிட்டார். தன் வீட்டு வாசலில் விரித்த தலைகள், அழுகை. வண்டிக்கு ஸ்டாண்ட் போடவில்லை, அப்படியே விட்டார். இலைக்கட்டு அவிழ்ந்து தெருவெல்லாம் பச்சையாகப் பரவியது. "யாரு? யாருன்னு சொல்லுங்கப்பா" என்று கேட்டுக்கொண்டே, ஒவ்வொரு முகமாக அம்மாவைத் தேடிக்கொண்டு ஓடிவந்தார். அம்மா படியிலிருந்து எழுந்தார். இருபத்தெட்டு வருஷமாக அப்பாவுக்குப் பின்னால் இரண்டடி தள்ளியே நடந்து வந்த அம்மா, தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, கரண்டியோடு போய் அவரைக் கட்டிக்கொண்டார். அப்பா அசையாமல் நிற்கவில்லை இந்தத் தடவை. "என்ன புள்ள, என்ன ஆச்சு, நான் இருக்கேன்ல" என்று அம்மாவின் தலையைத் தடவிக்கொண்டே நின்றார். அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகில் கேசரி வழிந்தது.

அழுகை ஒவ்வொரு குரலாக நின்றது. கடைசியாக நின்றது காளியம்மாவின் குரல். "அண்ணே, நீ உசுரோடதான் இருக்கியா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் மகிழ்ச்சியோடு கொஞ்சம் வருத்தமும் இருந்ததாக எனக்கு ஒரு சந்தேகம்.

எல்லாரையும் உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. "ஏன்டி அப்புடி ஓடுன?" என்று அடுப்படியில் அம்மா கேட்டார். "அன்பா இருக்கலாம்னும்மா" என்றேன். அம்மா என்னை அடிக்காததற்கு ஒரே காரணம், கேசரி அடிப்பிடிக்கத் தொடங்கியிருந்தது.

கூடத்தில் தாய்மாமன் தொண்டையைச் செருமினார். "இதுல யாரையும் குத்தம் சொல்லல. ஆனா சகுனம்னு ஒண்ணு இருக்குல்ல? வாசல்ல அழுகைச் சத்தம் கேட்டாச்சு. இன்னொரு நாள் பாத்துக்குவம்."

பெண் வீட்டில் வந்து உட்கார்ந்து "இன்னொரு நாள்" என்றால் அந்த நாள் எந்தக் காலண்டரிலும் இருக்காது. இது கூடத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். "மாமா..." என்று சரவணன் ஆரம்பித்தார். "நீ சும்மா இரு மாப்ள" என்று அடக்கிவிட்டார். மாமியார் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று, பேசத் தெரிந்த வாயை வைத்துக்கொண்டு ஏன் கையை நீட்டினேன் என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். நான் சொல்வதைக் கேட்கிற ஒரு மனுஷன் கிடைத்தார், அவரையும் என் அன்பு விரட்டிவிட்டது.

அப்போது வாசலில் ஹாரன் அடித்தது. ஒரு குட்டி யானை வண்டி. பின்னால் நீளமாகக் கண்ணாடி மூடி போட்ட ஒரு பெட்டி. டிரைவர் இறங்கிவந்து வாசலில் நின்ற அப்பாவிடமே கேட்டார். "அண்ணே, ஃப்ரீசர் பெட்டி வந்திருக்கு. பாடி எங்கிட்டு இருக்கு? பக்கத்துல பிளக் பாயிண்டு இருக்குல்ல?"

"எந்தப் பாடி?" என்றார் அப்பா.

"பொண்ணோட அப்பான்னு போன்ல சொன்னாங்க."

"பொண்ணோட அப்பா நான்தான்."

டிரைவர் அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். "அப்ப வெயிட் பண்ணவாண்ணே?" என்றார்.

வெளியே அழுகை நடந்துகொண்டிருந்தபோது தாய்மாமன் வேன் ஓரமாக ஒதுங்கிப் போன் பேசியது அப்போதுதான் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. பொறுப்பான மனுஷர், வெயில் காலமாயிற்றே என்று முந்திக்கொண்டு ஏற்பாடு செய்துவிட்டார். எல்லாக் கண்ணும் அவர் பக்கம் திரும்பின. அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை உற்றுப் படிக்க ஆரம்பித்தார்.

முதலில் சிரித்தது மாமியார்தான். முந்தானையை வாயில் வைத்து அடக்கினார், அடங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏண்ணே, உசுரோட இருக்குற சம்பந்திக்குப் பெட்டி சொன்ன ஆளு நீ. நீ சகுனம் பேசலாமா?"

"இல்ல தங்கச்சி, நீ அழுததப் பாத்துத்தான நான்..."

"யாரு அழுதா?" என்றார் மாமியார். "நான் பாடுனது நலுங்கு."

"அழுகுற மாதிரிதான் இருந்துச்சு" என்றார் காளியம்மா. இந்த விஷயத்தில் அவரை ஏமாற்ற முடியாது.

"எங்க ஊரு நலுங்கு அப்புடித்தான் இருக்கும்."

(பின்னாளில் யோசித்துப் பார்த்தேன். இந்தச் சம்பந்தம் முறிந்தால் ஏன் முறிந்தது என்று பொன்னமராவதி கேட்கும். சாவே விழாத வீட்டு வாசலில் நின்று அந்தம்மா எட்டுக்கட்டையில் அழுதார் என்ற கதை கடைத்தெரு முழுக்கப் போகும். அதற்கு என்னை மருமகளாக்கிக்கொள்வது பரவாயில்லை என்று அவர் கணக்குப் போட்டிருக்கலாம். எப்படியோ, என் கல்யாணம் நடந்ததற்கு முழுக் காரணம் காதல் என்று நான் எங்கேயும் சொல்லிக்கொள்வதில்லை.)

"எங்க, தட்ட எடுத்துட்டு வாங்க" என்றார் மாமியார். வேன் சீட்டில் கிடந்த தாம்பாளங்கள் உள்ளே வந்தன. தெருவில் கிடந்த இலைகளை வேன் டிரைவரும் பெட்டி வண்டி டிரைவரும் சேர்ந்து பொறுக்கிக் கழுவிக் கொடுத்தார்கள். அந்தப் பெட்டிக்காரரையும் உட்கார வைத்துக் கேசரி போட்டார் அம்மா. "நான் போற வீட்டுல இனிப்புச் சாப்புடுறது இதான் மொத தடவைக்கா" என்று சொல்லி இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார்.

எனக்கு இன்னும் தலை காயவில்லை. ஈர முடியிலேயே மாமியார் பூ வைத்தார். வைக்கிற சாக்கில் காதருகே குனிந்தார். நான் பயந்து ஓரடி பின்னால் போனேன்.

"இரு ஆத்தா. கோவமெல்லாம் இல்ல. எனக்கு இதுல பழக்கமெல்லாம் அங்கிட்டு மட்டுந்தான், கேத வீட்டுல. அவரு போன அன்னைக்குத்தான் கடைசியா ஊரே வந்து என்னயக் கட்டிப்புடிச்சுச்சு. அதுக்கப்பறம் சும்மா, ஒரு காரணமும் இல்லாம, யாரும் என்னயத் தொட்டதில்ல. அதான் என்ன செய்யுறதுன்னு தெரியாம அழுதுபுட்டேன்." பூவைச் செருகி, ஊசியைக் குத்தி, ஒரு முறை சரிபார்த்தார். "இனிமே புடிக்கிறதுன்னா புடி, வேணாம்னு சொல்லல. ஆனா மொதல்ல தெருவுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் புடி."

அன்றிலிருந்து எங்கள் இரண்டு வீட்டிலும் இது சட்டமாகிவிட்டது. அப்பா கடைக்குக் கிளம்பினால் எதிர்வீட்டைப் பார்த்து, "காளியம்மா, திருமயம் போறேன், உசுரோட வந்துருவேன்" என்று குரல் கொடுக்காமல் மொபெட்டை உதைப்பதில்லை. கல்யாண வீடுகளில் சாப்பாடு முடிந்து எல்லாரும் சாய்ந்து உட்கார்ந்ததும், யாராவது ஒருவர் கிளப்பிவிடுவார்: "அத்தாச்சி, ஒங்க ஊரு நலுங்க ஒரு தடவை பாடுங்களேன்." மாமியார் கோபப்படுவது போல எழுந்து போவார். தாய்மாமனும் எழுந்து போவார், அவர் நிஜமாகவே கோபத்தில்.

திருச்சியிலிருந்து நாங்கள் பொன்னமராவதி போய் இறங்கும்போதெல்லாம் மாமியார் வாசலுக்கு வருவார். நான் பையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பேன். அவர் தெருவின் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பி, "எல்லாரும் சௌக்கியம்! யாருக்கும் ஒண்ணுமில்ல! மருமக வந்திருக்கா, அம்புட்டுத்தான்!" என்று அறிவிப்பார். அதன் பிறகு இரண்டு கையையும் விரிப்பார். தெருவும் பழகிவிட்டது, யாரும் எட்டிப் பார்ப்பதுகூட இல்லை.

போன தீபாவளிக்குப் போனபோது அவருக்குத் தொண்டை கட்டி, பேச்சே வரவில்லை. பையை வைத்துவிட்டு நான் பக்கத்தில் போனதும், கை காட்டி என்னைத் தடுத்து நிறுத்திவிட்டார். தெருவில் வெறும் காற்றுச் சத்தமாகக் கத்திப் பார்த்தார், முடியவில்லை. என்னை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு எதிர்வீட்டுக்குப் போனார். அங்கே மாவாட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மாவின் கையைப் பிடித்து இழுத்துவந்து நடுத்தெருவில் நிறுத்தினார். அந்தம்மா மாவுக் கையைத் தூக்கிப் பிடித்தபடி, "இவங்க வீட்டுல எல்லாரும் உசுரோட இருக்காங்கப்பா!" என்று இரண்டு பக்கமும் கேட்கக் கத்தினார். அதற்கப்புறம்தான் மாமியார் வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். யாரும் பிரித்துவிட வரவில்லை, நாங்களும் விடவில்லை.